தீட்டு இல்லாதவள்

“அந்தக் கையப் புடிச்சுத் தூக்காதீங்க!”

மாரியாயி போட்ட சத்தத்தில் வேன்காரர்கள் இருவரும் கட்டிலருகே அப்படியே நின்றுவிட்டார்கள்.

பச்சையம்மாளின் இடது கை இரண்டு வருஷத்துக்கு முன் முறிந்து, கோணலாகக் கூடிய கை. அதில் யாராவது விரல் வைத்தால் போதும், கிள்ளான் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பாடு போடுவாள். விடியற்காலை நாலரை மணியோடு அந்தக் கைக்கு வலியெல்லாம் தீர்ந்துவிட்டது என்பது மாரியாயிக்குத் தெரியாமலில்லை. அவளேதான் அம்மாவின் கண்ணை மூடினாள். அவளேதான் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். ஆனாலும் வாய் பழக்கத்தில் கத்திவிட்டது.

வேன்காரர்களில் மூத்தவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். சிவந்த சப்பை முகம், இடுங்கிய கண்கள், அறுபத்து மூன்று வயதுச் சீனக் கிழவி, நூல் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாள். அக்கம்பக்கத்து ஆள் என்று முடிவு செய்துகொண்டு, “ஆன்டி, தெப்பி சிக்கிட் யா,” என்று மலாயில் தள்ளி நிற்கச் சொன்னான்.

“நான் எதுக்குய்யா தள்ளி நிக்கணும்? எங்கம்மா அவங்க. முதுகுக்குக் கீழ கையக் குடுத்துத் தூக்கு.”

அவளுடைய தமிழைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மாரியாயிக்கு அது புதிதில்லை. பாசாரில், கிளினிக்கில், கோயில் வரிசையில் என்று அறுபது வருஷமாக அவள் பார்த்து வரும் முகம்தான். ஒரு வார்த்தை பேசினால் சரியாகிவிடும். இன்று அவன் அவள் பேச்சையும் தாண்டி, வாசலில் நின்றிருந்த சுகுமாறனைப் பார்த்தான். சுகுமாறன் போனைக் காதில் வைத்தபடியே தலையாட்டிய பிறகுதான் குனிந்தான்.

சுகுமாறன் அவள் தம்பி. பெட்டாலிங் ஜெயாவில் இரண்டு மாடி வீடு, கோயில் கமிட்டியில் செயலாளர் பதவி, மேடை கிடைத்தால் விடாத வாய். ஏழு மணிக்குக் கிள்ளானுக்கு வந்தான், அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு இரண்டு நிமிஷம் அழுதான், கண்ணைத் துடைத்த கையோடு போனை எடுத்துவிட்டான். மரண அறிவிப்பு அதற்கு முன்பே எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் போய்விட்டிருந்தது. இறுதிச் சடங்கு மாலை மூன்று மணிக்கு, பெட்டாலிங் ஜெயா முகவரியில்.

“தம்பி, பதினொரு வருஷமா அம்மா இங்கதான இருந்தாங்க? இந்த வாசல்ல இருந்து போகட்டுமே,” என்று மாரியாயி கேட்டுப் பார்த்தாள்.

“அது வேறக்கா. போறப்ப மவன் வீட்ல இருந்துதான் போவணும். ஆளுங்க என்ன பேசுவாங்க?”

ஆளுங்க என்ன பேசுவார்கள் என்பது பதினொரு வருஷத்தில் அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவை, வேலைக்காரி வரும்வரை ஒரே ஒரு வாரத்துக்கு என்று சொல்லித்தான் அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டான். அந்த வேலைக்காரி இன்னும் வந்து சேரவில்லை.

மாரியாயி அதையெல்லாம் பேசவில்லை. அவளுக்கு அன்றைக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டாள்.

“அம்மா ஒண்ணு சொன்னாங்க தம்பி. ஜீவன் நெய்ப்பந்தம் புடிக்கணுமாம். வாயத் தொறந்து சொன்னாங்க, போன மாசம்.”

ஜீவன் அவளுடைய ஒரே மகன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். பாட்டி மடியில் வளர்ந்தவன். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துச் சுற்றிவந்தால்தான் போகிற உயிருக்கு வழி தெரியும் என்பது பச்சையம்மாளின் நம்பிக்கை. கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தபோது கையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: “மொத பந்தம் ஜீவன்தான்டி. நீ எனக்குத் தலச்சன். தம்பிகிட்டச் சொல்லிடு.” நீங்களே தம்பியிடம் சொல்லுங்கள் என்றாள் மாரியாயி. வரட்டும் சொல்றேன் என்றாள் அம்மா. அடுத்த ஞாயிறு சுகுமாறன் வந்தான், பழக்கூடையோடு. மகன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கிழவிக்குச் சகலமும் மறந்துவிட்டது. இளைத்துவிட்டாயே தம்பி, சாப்பிட்டாயா தம்பி என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அந்தக் கோபம் மாரியாயிக்கு இன்னும் இருந்தது. செத்துப் போனவளிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். கோபம் வந்தால் என்ன செய்வது?

“பாத்துக்கலாம்க்கா,” என்றான் சுகுமாறன். போன் மறுபடி அடித்தது.

வேனில் அம்மாவின் பக்கத்தில் மாரியாயிதான் உட்கார்ந்தாள். வேறு யாரும் வர முன்வரவில்லை. நெடுஞ்சாலையில் வேன் குலுங்கும்போதெல்லாம் அந்த இடது கை நழுவாமல் பிடித்துக்கொண்டாள். பின்னால் தன் பழைய காரில் ஜீவனும் அவன் அப்பா வேலாயுதமும் வந்துகொண்டிருந்தார்கள்.

எட்டு வருஷம் வயிறு திறக்காமல் கிடந்தவள் பச்சையம்மாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அவளைப் பார்த்தால் மற்றப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்களாம், கண் பட்டுவிடும் என்று. புலி வருஷத்தில் பிறந்த பெண்பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு சீனக் குடும்பம் ஐந்தாவதாகப் பிறந்த சிசுவைக் கொடுக்கத் தயாராக இருப்பது தெரிந்ததும், புருஷன் கன்னையாவிடம் கூடக் கேட்காமல் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்ததால் மாரியாயி என்று பேர் வைத்தாள். பதிவிலாகாவில் எழுத்தர் குழந்தையின் மூஞ்சியையும் இவள் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தபோது, “என்னத்தப் பாக்குற? எழுது,” என்று மேசையைத் தட்டினாளாம். அடையாள அட்டையில் இன்றைக்கும் மாரியாயி த/பெ கன்னையா என்றுதான் இருக்கிறது. அரசாங்கம் ஒப்புக்கொண்ட விஷயம்.

குழந்தை வந்த இரண்டாம் வருஷம் சுகுமாறன் பிறந்தான். அதற்குப் பின் உஷாராணி. “இவ கால் வச்ச நேரம்,” என்று பச்சையம்மாள் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்வாள்.

மாரியாயிக்கு ஒன்பது வயதானபோது ஒரு சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், பூப்போட்ட சட்டையும் காற்சட்டையும் அணிந்த ஒரு சீனத்தி குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை ஆரஞ்சு. பச்சையம்மாள் பெண்ணை இழுத்துக்கொண்டு உள்ளே போய், வெளுப்புக்கு வந்திருந்த படுக்கை விரிப்புக் குவியலுக்குள் அமுக்கி, மேலே நாலு விரிப்பைப் போட்டு மூடினாள். திரும்பிப் போய், பெண் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று கையைக் காட்டிப் புரியவைத்து, ஆரஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். “பழத்தக் குடுத்தா புள்ளயத் திருப்பிக் குடுத்துருவேனா? நல்லா இருக்கே கத!” என்று அன்று ராத்திரி வரை முணுமுணுத்தாள். அன்றைக்கு அந்தப் பழம் முழுவதையும் மாரியாயிக்கே உரித்துக் கொடுத்தாள். சுகுமாறன் கேட்டு அழுதும் ஒரு சுளை கொடுக்கவில்லை.

வேன் பெட்டாலிங் ஜெயாவில் நுழைந்தபோது மணி பன்னிரண்டு. வீட்டு முன் கூடாரம் போட்டு, நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டி, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். வாசலில் அம்மாவின் படம் ஆளுயரத்துக்கு நின்றது. சுகுமாறனின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த படம். அதில் அம்மாவின் தோளில் ஒரு கை இருக்கும், அவள் சாய்ந்து விழாமல் பிடித்துக்கொண்டிருந்த மாரியாயியின் கை. படத்தைப் பெரிதாக்கியவன் அதை அழகாக அழித்திருந்தான்.

குளிப்பாட்டுவதற்குக் கார் நிறுத்தும் இடத்தில் துணிமறைப்பு கட்டினார்கள். மகள்கள் வரலாம் என்று சடங்கு செய்யும் பண்டாரம் கூப்பிட்டார். உஷாராணி பங்சாரிலிருந்து வந்திருந்தாள். அலுவலகத்தில் பெரிய உத்தியோகம். அம்மா என்றால் உயிர் என்று எப்போதும் சொல்பவள், அது பொய்யும் இல்லை. ஆனால் மறைப்புக்குள் வந்து அம்மாவின் திறந்த மார்பையும் ஒடுங்கிய தொடைகளையும் பார்த்ததும் குவளையோடு பின்வாங்கிவிட்டாள்.

“அக்கா, நீ செய்யிக்கா. என்னால முடியல.”

சுகுமாறனின் மனைவி திலகா மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு சோப்பை எடுத்து நீட்டினாள். “நீங்கதான்க்கா, பழக்கம் இருக்கு ஒங்களுக்கு.” திலகா இந்த முப்பது வருஷத்தில் புருஷனுடைய அக்காவை ஒருநாளும் அண்ணி என்று அழைத்ததில்லை. அக்கா என்பாள். காய்கறி விற்கிறவளையும் அவள் அக்கா என்றுதான் அழைப்பாள்.

மாரியாயி சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மாவுக்கு இடது காதில் தண்ணீர் போனால் ஆகாது, மூன்று நாள் புலம்புவாள். உள்ளங்கையால் அந்தக் காதைப் பொத்திக்கொண்டு தலைக்கு ஊற்றினாள். விரலிடுக்கு, அக்குள், படுக்கைப் புண் ஆறின இடம் என்று ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மடங்கியே கிடந்த முழங்காலை நீவி நீவி நீட்டிச் சேலையைச் சுற்றினாள். நெற்றியில் திருநீறு வைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. விசும்பி விசும்பி அழுதாள். வேலை என்று வந்தால் யாரும் ரத்த சம்பந்தம் கேட்பதில்லை.

இரண்டரை மணிக்குச் சுகுமாறன் ஒலிவாங்கியைப் பிடித்தான். கூடாரம் நிறைந்திருந்தது. கமிட்டிக்காரர்கள், அவனோடு வேலை பார்த்தவர்கள், ரயில்வே காலத்துச் சில கிழங்கள். மாரியாயி சவப்பெட்டியின் தலைமாட்டில் கீழே பாயில் உட்கார்ந்திருந்தாள்.

“எங்கள் தாயார் ஒரு தியாகச் சுடர்,” என்று அவன் தொடங்கினான். மேடைத் தமிழ் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. “பதினேழு வயதில் தோட்டத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். எங்கள் தந்தை குடித்துத் தீர்த்தார். தாயார் தளரவில்லை. ரயில் படுக்கை வண்டிகளின் விரிப்புகளை வாங்கித் துவைத்து, பெட்டி போட்டு, அந்த உழைப்பில் எங்களைப் படிக்க வைத்தார். ஒரு நாளைக்கு அறுபது விரிப்பு! தனி ஒருத்தியாக!”

மாரியாயி நிமிர்ந்து பார்த்தாள். நனைந்த படுக்கை விரிப்பைத் தனி ஒருத்தியாகப் பிழிய முடியாது. ஒருமுனையை ஒருத்தி பிடித்து வலப்பக்கம் முறுக்க வேண்டும், மறுமுனையை இன்னொருத்தி பிடித்து இடப்பக்கம் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் போகாது, பெட்டி போட்டால் மஞ்சள் கறை விழும், விரிப்பு திரும்பி வந்துவிடும். மறுமுனையைப் பிடிப்பதற்காகத்தான் மாரியாயி ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். அவள் முறுக்கிய விரிப்பில்தான் தம்பி கல்லூரிக்குப் போனான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அம்மாவும் அவளும் இருமுனையிலும் நின்று, கடைசிச் சொட்டு விழும்வரை ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு முறுக்குவார்கள். அது முடிந்ததும் அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குச் சாட்சியாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

“அது மட்டுமா?” சுகுமாறனின் குரல் தழுதழுத்தது. “எங்கள் தாயாரின் கருணைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நாங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே, பெற்றவர்களே வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு சீனக் குழந்தையை வீட்டுக்கு எடுத்துவந்து, சோறு போட்டு, வளர்த்து, நம்ம பையன் ஒருவனுக்குக் கல்யாணமும் கட்டி வைத்தார். இனம் பார்க்கவில்லை! அந்தக் காலத்தில் யாருக்கு வரும் அந்த மனசு? அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.”

கையை நீட்டிக் காட்டினான். கூடாரமே திரும்பிப் பார்த்தது. எல்லார் முகத்திலும் இரக்கம். சிலர் தலையாட்டினார்கள். யாரோ லேசாகக் கைதட்டத் தொடங்கி, சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

அம்மா வெள்ளம் வந்தபோது பக்கத்து வீட்டுக்குச் சோறு வடித்துக் கொடுத்தாள், கோயிலுக்குக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்தாள், ஒரு சீனக் குழந்தைக்குச் சோறு போட்டாள். அறுபத்து மூன்று வருஷம் தான் மகளாக இருந்ததாக மாரியாயி நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா செய்த தர்மங்களில் ஒன்றாக இருந்திருக்கிறாள்.

உஷாராணியைப் பார்த்தாள். உஷாராணி தலையைக் குனிந்து தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் குனிந்து மாரியாயியின் கையைப் பிடித்து அழுத்தினாள். “நீங்க குடுத்து வச்சவங்க ஆன்டி. இப்படி ஒரு குடும்பம் கெடைக்க புண்ணியம் செஞ்சிருக்கணும் லா.”

“ஆமா,” என்றாள் மாரியாயி.

அப்போது சுகுமாறன் பெட்டிமேல் விழுந்து கதறினான். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று ரயில்வே கிழவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

வாய்க்கரிசி முடிந்தது. மகன், மருமகள், மகள், மருமகன், அதற்குப் பிறகு “மத்தவங்க வரலாம்” என்று பண்டாரம் சொன்னபோது மாரியாயி போட்டாள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் பண்டாரத்தின் மூங்கில் தட்டிலேயே இருந்தது. துணி சுற்றிய குச்சிகளை அவர் நெய்யில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“பேரப்புள்ளங்க எத்தன பேருங்க?”

“மூணு பேரு,” என்றான் சுகுமாறன்.

தட்டில் மூன்று பந்தம்தான் இருந்தது. காலையிலேயே சொல்லி வைத்திருக்கிறான். சுகுமாறனின் மகன் ரிஷி, அவனுடைய தம்பி, உஷாராணியின் மகன். மூவரும் வந்து நின்றார்கள். சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நாலாவது ஆளாக ஜீவனும் வரிசையில் வந்து நின்றான். முப்பத்து நாலு வயதாகியும் பாட்டி இறந்ததற்கு மூக்கு சிவக்க அழுதவன். அம்மாவின் கண், அப்பாவின் கறுப்பு. பண்டாரம் அவனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், சுகுமாறனைப் பார்த்தார்.

மாரியாயி எழுந்து நின்றாள். “தம்பி, காலைல சொன்னேனே. அம்மா கேட்டாங்க.”

“அக்கா, இது சாங்கியம். ரத்த வழிப் பேரன்தான் புடிக்கணும். அம்மா ஆத்மாவுக்கு ஒண்ணுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “எல்லாரும் பாக்குறாங்கக்கா. அப்புறம் பேசிக்கலாம்.”

“அண்ணா, ஜீவனும் புடிக்கட்டுமே…” என்று உஷாராணி இழுத்தாள். சுகுமாறன் திரும்பிப் பார்த்தான்.

ரிஷி தன் கையிலிருந்த பந்தத்தை ஜீவன் பக்கம் நீட்டினான். அவனுக்குச் சாங்கியமெல்லாம் தெரியாது, விளையாட்டுச் சாமானைப் பகிர்ந்து வளர்ந்த பழக்கம். “ரிஷி, ஜஸ்ட் கோ,” என்றான் அப்பன். ரிஷி போனான்.

மூன்று பந்தமும் பெட்டியைச் சுற்றி வந்தன. ஜீவன் வெறுங்கையோடு ஒதுங்கி நின்று, கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டான். பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டான். அவன் அம்மாவை அவன் பார்க்கவேயில்லை. அது மாரியாயியின் நெஞ்சைப் பிளந்தது. தன்னை என்ன சொல்லியிருந்தாலும் அவள் தாங்கியிருப்பாள்.

மின்சுடலைக்கு ஆண்கள் போனார்கள். வேலாயுதம் மனைவியைப் பார்த்து, போய்விட்டு வருகிறேன் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு மகனோடு காரில் ஏறினார். வண்டிகள் முனை திரும்பியதும் திலகா வீட்டைக் கழுவிவிடச் சொன்னாள். பாயைச் சுருட்டினார்கள், பூக்களைக் கூட்டி அள்ளினார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் குளியலறைக்குள் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார்கள். உஷாராணி ஈரத் தலையோடு கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சூடான மைலோவைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

பண்டாரம் போகும்முன் தீட்டு விவரமெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திலகா அதைப் போனில் குறித்து வைத்திருந்தாள். படித்துக் காட்டினாள்.

“நமக்குப் பதினாறு நாளு. கோயிலு, கல்யாணம் எதுவும் கெடையாது, சாமி அறைக்குள்ள போகக் கூடாது. உஷா, நீ கட்டிக்குடுத்த மவ, ஒனக்கு மூணு நாளுதான்.” மாரியாயி பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல் சிரித்தாள். “ஒங்களுக்கு ஒண்ணுமே கெடையாதுக்கா. கேட்டுட்டேன். தீட்டே இல்ல ஒங்களுக்கு. தல முழுகணும்னு கூட அவசியமில்ல, வயசான காலத்துல எதுக்கு. நாளைக்கே கூட நீங்க கோயிலுக்குப் போகலாம்.”

மாரியாயி தன் கையைப் பார்த்தாள். தீட்டு இல்லையாம். விடியற்காலை நாலரை வரை அம்மாவின் எச்சிலையும் மூத்திரத்தையும் துடைத்த கை. அதில் எதுவும் ஒட்டவில்லையாம்.

“நல்லதாப் போச்சுக்கா,” என்று திலகா தொடர்ந்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாவம், அவளுக்கு அது கெட்டது என்றே தெரியாது. “நாங்க யாரும் சாமி அறைல கால் வைக்க முடியாதில்ல? இன்னிக்கு வெள்ளிக்கிழம. விளக்கு ஏத்தாம விட்டா அவருக்கு மனசு கேக்காது. நீங்க ஏத்திட்டுப் போயிடுங்களேன். எண்ணெய், திரி எல்லாம் உள்ளயே இருக்கு.”

லைட்டரை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

மாரியாயி எழுந்து பூசையறை வாசல் வரை போனாள். உள்ளே எல்லாச் சாமியும் வரிசையாக இருந்தன. வலது பக்கம் கன்னையாவின் படம், மாலையோடு. அதற்குப் பக்கத்தில் ஆணி ஒன்று புதிதாக அடித்திருந்தது, அம்மாவின் படத்துக்கு. குத்துவிளக்கு துடைத்துத் தயாராக இருந்தது. காலைத் தூக்கி நிலைப்படியைத் தாண்ட வேண்டியதுதான் பாக்கி. இந்த வீட்டில் முப்பது வருஷமாக யார் என்ன சொன்னாலும் செய்துவிட்டுப் போனவள்தான் அவள். செய்யமாட்டேன் என்ற சொல்லை அவள் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

காலைத் தூக்கவில்லை. திரும்பி வந்து, லைட்டரைக் கூடத்து மேசையில் வைத்தாள்.

“எனக்குத் தீட்டு, திலகா.”

“இல்லக்கா, பண்டாரத்துக்கிட்ட நானே கேட்டுட்டேன்…”

“அவரு கெடக்குறாரு. எங்கம்மா செத்துட்டாங்க. எனக்குத் தீட்டு.”

“அப்படியே பாத்தாலும் நீங்களும் கட்டிக்குடுத்தவங்க, மூணு நாளுதான…”

“பதினாறு நாளு,” என்றாள் மாரியாயி. “எனக்குப் பதினாறு.”

குரல் உயரவில்லை. ஆனால் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தாள். உஷாராணி மைலோவைக் கீழே வைத்தாள். “அக்கா…” என்று எழுந்திருக்கப் போனாள். மாரியாயி அவளைப் பார்க்காமல் பின்வாசல் வழியே வெளியே போனாள்.

வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் ஒரு குழாய், கார் கழுவுகிற வாளி. சிமெண்டுத் தரையில் கட்டிய சேலையோடு உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். வாளி நிறைந்ததும் இரண்டு கையாலும் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். தண்ணீர் வெயிலில் சூடேறியிருந்தது. மறுபடி நிரம்பும்வரை காத்திருந்து, மறுபடி ஊற்றினாள்.

மூன்றாவது வாளி நிறைந்துகொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்த அடுத்த வீட்டு டீச்சரைக் கூப்பிடும் திலகாவின் குரல் கேட்டது.

“டீச்சர், ஒரு சின்ன ஹெல்ப். வந்து சாமி விளக்க மட்டும் ஏத்திட்டுப் போறீங்களா?”

“ஏன், ஆளு யாரும் இல்லியா?”

“எங்க வீட்ல எல்லாருக்குமே தீட்டு டீச்சர்,” என்றாள் திலகா.

மாரியாயி வாளியைத் தூக்கினாள்.